பழைய பிளாட்டருக்குப் பழைய பாகம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கேள்விகள் ஏறக்குறைய எல்லாமே, ஓடி ஓய்ந்த பிளாட்டரிலிருந்து, அதாவது பேனரும் வரைபடமும் அச்சடிக்கும் அகல பிரிண்டரிலிருந்து, கழற்றி விற்கும் பாகங்களைப் பற்றியவை. "வாங்கிப் போடலாமா சார்?" என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது இதைத்தான்: உங்கள் மெஷினில் இருந்த பாகம் எதனால் போனது? அது தெரியாமல் வாங்கிப் போட்ட பாகமும் அதே வழியில் போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எங்களிடம் மிமாகி ஜேவி33 இருக்கிறது. மை தெளிக்கும் ஹெட்டில் பாதி நாஸில் (மை வரும் நுண்துளை) போய்விட்டது. எப்சன் போட்டோ பிரிண்டரிலிருந்து கழற்றிய டிஎக்ஸ்5 ஹெட் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. பொருந்துமா?

பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். இரண்டிலும் 180 நாஸில் கொண்ட வரிசைகள் 8, மொத்தம் 1,440 நாஸில். ஆனால் டிஎக்ஸ்5 என்பது ஒரு குடும்பப் பெயர். அதற்குள் தண்ணீர் மைக்கு என்று செய்தது வேறு, சால்வென்ட் (ரசாயனக் கரைப்பான்) மைக்கு என்று செய்தது வேறு. மை நுழையும் பிளாஸ்டிக் பகுதி, உள்ளே இருக்கும் பசை, கேபிள் செருகும் இடம் எல்லாம் மாறும். தண்ணீர் மை ஹெட்டில் சால்வென்ட் விட்டால் முதல் நாளே கெட்டுவிடாது. சில வாரம் நன்றாக ஓடும். பிறகு பசை இளகி, ஒரு நிறம் பக்கத்து வரிசையில் கலக்க ஆரம்பிக்கும். அந்த நிலைக்கு வந்த ஹெட்டை எந்தத் திரவத்தாலும் மீட்க முடியாது.

இன்னொன்று, 'லாக்' சமாச்சாரம். எப்186000 வகை போல வெளிச்சந்தையில் வரும் சில ஹெட்களில் பூட்டு உண்டு. கூடவே பூட்டைத் திறக்கும் டிகிரிப்ஷன் கார்டு ஒன்று இல்லாவிட்டால், மெஷினை இயக்கும் போர்டு அதை ஏற்காது. பாகத்தின் எண்ணை முழுதாக எழுதி வாங்கி, உங்கள் மெஷினில் இருந்த ஹெட்டின் எண்ணோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். "டிஎக்ஸ்5தான் சார்" என்ற வாய்ச்சொல் போதாது.

எண் ஒத்துப்போனாலும் ஹெட்டின் மேல் ஒட்டியிருக்கும் ரேங்க் லேபிள் கிழியாமல் இருக்க வேண்டும். ஒவ்வொரு ஹெட்டும் எந்த மின்னழுத்தத்தில் சரியாகத் துளி விடும் என்பதைத் தொழிற்சாலையில் அளந்து அந்த எண்ணாகப் பதிக்கிறார்கள். சர்வீஸ் மெனுவில் அதை உள்ளிட வேண்டும். லேபிள் இல்லாத ஹெட்டைக் குத்துமதிப்பாக ஓட்டினால், மின்னழுத்தம் குறையும்போது நிறம் வெளிறும், கூடும்போது மை தெறிக்கும். லேபிள் இல்லை என்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

விற்பவரிடம் கேட்க வேண்டிய கடைசி விஷயம், கழற்றுவதற்கு முன் எடுத்த நாஸில் செக் தாள், அதாவது எந்தெந்த நாஸில் மை விடுகிறது என்று காட்டும் சோதனை அச்சு. அதோடு, அந்த ஹெட்டில் கடைசியாக ஓடிய மை எது என்பது. வேறு வகை மை உள்ளே காய்ந்திருந்தால் புது மை பட்டதும் தயிர் போலத் திரிந்து அடைத்துக்கொள்ளும்.

ஹெட் போனது என்று இன்னொரு ஹெட் வாங்கிப் போட்டேன். ஆன் செய்த அரை நிமிடத்தில் அதுவும் போய்விட்டது. ஏமாந்துவிட்டேனா அண்ணா?

விற்றவர் ஏமாற்றியிருக்க வாய்ப்பு குறைவு என்றே நினைக்கிறேன். பழைய ஹெட் போனபோது போர்டையும் சேர்த்துக் கெடுத்திருக்கும். அந்தப் போர்டுதான் புது ஹெட்டை எரித்திருக்கிறது. எனக்கும் தொழிலின் ஆரம்பத்தில் இப்படி இரண்டு ஹெட் போயிருக்கின்றன, அந்த வலி தெரியும்.

வழக்கமாக நடப்பது இதுதான். கேபிள் செருகும் இடத்தில் மை கசியும். ஹெட்டுக்கு மை தரும் குட்டி வடிகட்டிப் பெட்டியான டேம்பர் சரியாக உட்காராததாலோ, சுத்தம் செய்யும்போது மேலே திரவம் வழிந்ததாலோ இது நேரும். ஈரமான பின்களுக்கு இடையே ஷார்ட் ஆகி, ஹெட்டுக்கு மின்சாரம் தரும் டிரான்சிஸ்டர் ஜோடி போகும், பக்கத்தில் உள்ள குட்டி ஃபியூஸும் போகும். சிலர் ஃபியூஸை மட்டும் ஒரு கம்பியால் இணைத்துவிட்டு ஹெட் செருகுவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்த ஃபியூஸ் காப்பாற்றத்தானே இருக்கிறது!

அடுத்த ஹெட் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை: மெஷினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, மின்சாரம் வடியக் கொஞ்ச நேரம் விடுங்கள். மல்டிமீட்டரால் ஃபியூஸையும் அந்த டிரான்சிஸ்டர்களையும் சோதியுங்கள். போனதை ஜோடியாகவே மாற்றுங்கள். தட்டைக் கேபிளின் நுனி கருத்திருந்தால் அதை வீசிவிட்டுப் புதியது போடுங்கள். ஹெட் கேபிளில் மட்டும் பழையது வேண்டவே வேண்டாம். ஹெட் இல்லாமல் ஆன் செய்து, ஹெட்டுக்கு வரும் மின்னழுத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே, மறுபடி அணைத்துவிட்டு ஹெட்டைச் செருகுங்கள். ஆன் நிலையில் கேபிளைத் தொடவே கூடாது.

எச்.பி. டிசைன்ஜெட் 500. 86:01 என்று பிழை எண் காட்டி நின்றுவிடுகிறது. கேரேஜ் (ஹெட்டைச் சுமந்து பக்கவாட்டில் ஓடும் வண்டி) மோட்டார் பழையது ஒன்று கிடைத்தது, மாற்றலாமா?

மோட்டாரை மாற்றும் முன் மூடியைத் திறந்து பெல்ட்டைப் பாருங்கள். இந்த வரிசை மெஷின்களில் ரப்பர் பெல்ட் வயதாகி உதிர்வது மிகவும் சகஜம். கேரேஜ் ஓடும் பாதையின் அடியில் கருப்புத் துகள் கிடந்தால் சந்தேகமே வேண்டாம். பெல்ட்டைப் புதிதாகவே வாங்குங்கள். இன்னொரு 500-இலிருந்து கழற்றிய பெல்ட்டுக்கும் அதே வயதுதான். 24 அங்குல மெஷினுக்கும் 42 அங்குல மெஷினுக்கும் பெல்ட் நீளம் வேறு, பார்த்து வாங்குங்கள். கேரேஜ் ஓடும் தண்டில் பிசுக்கு இருந்தாலும் இதே எண் வரும். அதைத் துடைத்து எண்ணெய் போட்டுப் பார்த்த பிறகும் நின்றால் மோட்டாரைப் பற்றி யோசிக்கலாம். மோட்டாரைப் பழையதாக வாங்குவதில் தவறில்லை.

டேம்பர், கேப்பிங் ஸ்டேஷன் (ஓடாதபோது ஹெட்டை மூடும் கேப் உள்ள பகுதி), ஹெட்டைத் துடைக்கும் வைப்பர், பம்ப் டியூப் எல்லாம் செட்டாகப் பழையது தருகிறார்கள். வாங்கலாமா?

வாங்காதீர்கள். ரப்பரும் வடிகட்டியும் தேயும் பொருட்கள்.

உங்கள் கேப் நன்றாக இருக்கிறதா என்று தெரிய ஒரு வழி: ஹெட்டை நகர்த்திவிட்டு, கேப் நிறையக் கிளீனிங் திரவம் விடுங்கள். பம்ப் ஓடாதபோது திரவம் அப்படியே நிற்க வேண்டும். பம்ப் ஓடியதும் சட்டென்று இறங்க வேண்டும். முதலாவது தவறினால் கேப்பிலோ பம்பிலோ கசிவு. இரண்டாவது தவறினால் டியூப் அடைப்பு அல்லது பம்ப் தேய்மானம். "ஹெட் போச்சு" என்று என்னிடம் வருகிறவற்றில் கணிசமானவை இந்தச் சோதனையிலேயே முடிந்துவிடும். ஹெட்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, உறிஞ்சல்தான் இருக்காது.

ஒரே மாடல், ஒரே வருடம். அதன் மெயின் போர்டை அப்படியே மாற்றிக்கொள்ளலாமா?

போர்டு பழையதாக வாங்கலாம், ஆனால் அதன் ஞாபகத்தில் பழைய மெஷினின் விவரம்தான் இருக்கும்: சீரியல் எண், ஹெட் அலைன்மென்ட் (ஹெட்டை நேர்படுத்திய அளவு), மீடியா ஃபீட் (தாள் நகரும் அளவு) திருத்தம், ஹெட் ரேங்க். உங்கள் போர்டு கொஞ்சமாவது உயிரோடு இருந்தால் அந்த அளவுகளை எல்லாம் முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள், முடிந்தால் சர்வீஸ் மென்பொருளால் சேமியுங்கள். உயிர் போன பிறகு ஒவ்வொன்றாகத் திரும்ப அளக்க ஒரு நாள் முழுக்கப் போகும்.

ஹார்டு டிஸ்க் உள்ள டிசைன்ஜெட் வைத்திருப்பவர்களுக்கு: போர்டையும் டிஸ்க்கையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள். ஒன்றில் உள்ள விவரத்தை வைத்துத்தான் மற்றது தன்னைச் சரிசெய்துகொள்கிறது. ஒன்றை மாற்றி, ஆன் செய்து, முழுதாக எழுந்து வந்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.

கேரேஜ் திடீரென ஒரு பக்கமாகப் போய் இடிக்கிறது. என்கோடர் ஸ்ட்ரிப் (கேரேஜ் எங்கே இருக்கிறது என்று சென்சாருக்குக் காட்டும் கோடு போட்ட பட்டை) பழையது வாங்கட்டுமா?

முதலில் துடையுங்கள். நூல் உதிராத துணியில் காய்ச்சி வடித்த நீர் போதும். ஆல்கஹால் சில ஸ்ட்ரிப்களில் கோட்டையே அழித்துவிடும். சென்சாரின் இடுக்கையும் மறக்காதீர்கள். கோடு அழிந்திருந்தால் புதியது.

பாகத்துக்காகவே ஒரு முழு மெஷின் வாங்குகிறோம். எதைப் பார்க்க வேண்டும்?

அது நல்ல யோசனை. மோட்டார், ரோலர், பவர் சப்ளை, பேனல், போர்டு எல்லாம் கிடைக்கும். கூடுமானவரை மெஷின் ஓடும்போதே போய்ப் பாருங்கள். பவர் சப்ளையில் கப்பாசிட்டர் தலை உப்பியிருந்தால் அவற்றை மாற்றாமல் செருகாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கப்பாசிட்டரில் உயிரைப் பறிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும், அளந்துவிட்டே கை வையுங்கள். ஹெட்டைக் கழற்றி வைக்கப்போகிறீர்கள் என்றால், அந்த மைக்கான கிளீனிங் திரவத்தால் வெளியே தெளிவாக வரும்வரை அலசுங்கள். சிரிஞ்சை மெதுவாக அழுத்துங்கள். அலசாத ஹெட்டை அலமாரியில் வைத்தால் உள்ளே இருக்கும் மை இறுகி, தேவைப்படும் நாளில் ஒரு நாஸில்கூடத் திறக்காது.