பாதத்தில் கரும்புள்ளி: மொபைல் விளையாட்டு மருத்துவருக்குக் கற்றுத்தருமா?

தருமபுரி ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்கள் தோல் புள்ளிகளை ஆராயப் பழக மொபைல் விளையாட்டு உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உதவும், படத்தேர்வு சரியாக இருந்தால். வெள்ளைத் தோல் படங்களிலேயே பழகியவர் நம் மாநிறத்தில் அழற்சியைத் தவறவிடுவார். அழற்சியின் சிவப்பு இங்கே ஊதாவாகவோ பழுப்பாகவோ தெரியும்.

மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் நம்மிடம் அரிது. ஆனால் பாதம், உள்ளங்கை, நகத்தடியில் வருவதை மறக்கவே கூடாது. அந்தப் படங்கள் நிறைய வேண்டும். தோலை 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் டெர்மோஸ்கோப் கருவியில் புள்ளியின் நிறம் ரேகைப் பள்ளத்தில் ஓடினால் பெரும்பாலும் சாதாரண மச்சம். ரேகை மேட்டில் ஓடினால் உடனே தோல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். மேடு எது என்று குழம்பினால் வியர்வைத் துளைகளைத் தேடுங்கள்: மேட்டின் மேல் வரிசையாக வெண்புள்ளிகள்.

தினம் 10 படம் போதும்; தவறவிட்டவை சில நாள் கழித்துத் திரும்ப வரட்டும். வேகத்துக்கு மதிப்பெண் கொடுத்தால் ஊகித்தே அழுத்துவார்கள்.