'தங்கை' என்று எழுதிய கட்டம்

கேள்வி: நானும் என் துணையும் (இருவரும் பெண்கள், வயது 36, 34) ஒன்பது ஆண்டுகளாகச் சென்னையில் சேர்ந்து வாழ்கிறோம். தனித்தனியாக எடுத்தால் செலவு கூடும் என்று ஏஜென்ட் சொன்னதால், 2022-ல் அவளை என் 'தங்கை' என்று காட்டி 10 லட்சம் ரூபாய்க்கு ஃபேமிலி ஃப்ளோட்டர் (குடும்பத்துக்கே பொதுவான ஒரே மருத்துவக் காப்பீடு) பாலிசி எடுத்தோம். போன மாதம் அவளுக்குக் கர்ப்பப்பைக் கட்டி அறுவை சிகிச்சை நடந்தது. 1.80 லட்சம் ரூபாய் க்ளெய்மை மறுத்துவிட்டு, பாலிசியை ஏன் ரத்து செய்யக்கூடாது என்று 15 நாளில் பதில் கேட்டிருக்கிறார்கள். அவளை நீக்கிவிட்டால் என் பாலிசி தொடரும் என்று போனில் சொல்கிறார்கள். கணவன் மனைவிக்குக் கிடைக்கும் விலை எங்களுக்கு ஏன் இல்லை? உயர் நீதிமன்றம் போகலாமா?

பதில்: போக வேண்டாம். உங்கள் முழுக் கடிதத்தில் விலை பாரபட்சம் பற்றி நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வழக்கு அதைப் பற்றியதல்ல. விண்ணப்பத்தில் உறவுமுறை என்ற கட்டத்தில் 'தங்கை' என்று இருக்கிறது, அது உண்மையல்ல, கீழே உங்கள் கையெழுத்து இருக்கிறது. சட்டத்தின் முன் நிற்பது இது ஒன்றுதான்.

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அதற்கான பரிகாரம் இந்த க்ளெய்முக்குள் இல்லை. ஒரே பாலினத்தவர் திருமணத்தை உச்ச நீதிமன்றம் 17.10.2023 அன்று அங்கீகரிக்க மறுத்துவிட்டது. குடும்பம் அமையத் திருமணம் ஒன்றுதான் வழி என்பதில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே மாதம் சொன்னது பெரிய விஷயம்தான். ஆனாலும் உங்களைத் தம்பதி விலையில் சேர்த்துக்கொள்ளும்படி ஒரு காப்பீட்டு நிறுவனத்தை அந்தத் தீர்ப்பு கட்டாயப்படுத்தாது. பொய்யான உறவுமுறையைக் கையில் வைத்துக்கொண்டு சமத்துவ வழக்குப் போட்டால், பின்னால் வரும் நல்ல வழக்குக்கும் அது கெடுதல்.

விலை ஒப்பீட்டையும் ஒருமுறை சரியாகப் போட்டுப் பாருங்கள். ஃப்ளோட்டரில் 10 லட்சம் என்பது இருவருக்கும் சேர்த்து. தனித்தனியாகத் தலைக்கு 10 லட்சம் என்றால் மொத்தம் 20 லட்சம். இரண்டையும் பக்கத்தில் வைத்து 'எங்களிடம் கூடுதலாக வாங்குகிறார்கள்' என்பது முழுக் கணக்கல்ல. தலைக்கு 5 லட்சம் அடிப்படைப் பாலிசியும், அதற்கு மேல் 5 லட்சம் கழிவுத்தொகை வைத்த சூப்பர் டாப்-அப்பும் (ஆண்டின் மொத்தச் செலவு 5 லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய தொகையைத் தரும் பாலிசி) எடுத்தால் வித்தியாசம் வெகுவாகக் குறையும். ஒருவர் க்ளெய்ம் செய்தால், க்ளெய்ம் இல்லாத ஆண்டுக்காக மற்றவருக்குச் சேரும் போனஸும் போகாது. தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 22.9.2025 முதல் ஜிஎஸ்டி இல்லை. உங்களிடமுள்ள விலைப்பட்டியல் அதற்கு முந்தையது என்றால் புதிதாகக் கேளுங்கள்.

இனி நோட்டீசுக்கு வருவோம். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான்.

முதல் சறுக்கல், மனம் திறந்து எழுதும் பதில் கடிதம். 'எங்களுக்கு வேறு வழியில்லை, தெரிந்தேதான் தங்கை என்று போட்டோம்' என்று எழுதினால், தவறான தகவல் என்று இருந்ததை மோசடி என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும். இந்த வேறுபாடு முக்கியம். தொடர்ந்து 60 மாதம் பாலிசி ஓடிவிட்டால் தவறான தகவலைக் காட்டி க்ளெய்மை மறுக்க முடியாது. நிரூபிக்கப்பட்ட மோசடிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஐந்து வருடம் கடந்தால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று ஏஜென்ட்டுகள் சொல்வது அரைகுறை உண்மை. உங்களுக்கு 60 மாதம் இன்னும் ஆகவும் இல்லை.

அதற்காகப் புதுப் பொய்யும் வேண்டாம். 'சித்தி மகள்', 'தங்கை மாதிரி' என்றெல்லாம் எழுதாதீர்கள். ஆதாரில் இருவர் இனிஷியலும் வேறு, தந்தை பெயரும் வேறு. மருத்துவமனை அட்மிஷன் படிவத்தில் உடனிருப்பவர் 'ஃப்ரெண்ட்' என்று நர்ஸ் எழுதியிருப்பார். விசாரணை அதிகாரி முதலில் பார்ப்பது இந்த இரண்டு தாள்களைத்தான்.

பதிலில் இருக்க வேண்டியது நான்கே விஷயம். உண்மையான உறவு ஏஜென்ட்டுக்கு ஆரம்பத்திலேயே தெரியும், உறவுமுறையைத் தேர்ந்து எழுதியவர் அவர். உடல்நலம் பற்றிய எல்லாக் கேள்விகளுக்கும் அளித்த பதில் உண்மை. நோயாளி யாருக்குத் தங்கை என்பதால் கட்டி வரும் வாய்ப்புக் கூடவோ குறையவோ செய்யாது. எந்தப் பாலிசி விதியின்படி மறுத்தீர்கள், நிறுவனத்தின் க்ளெய்ம் மறுஆய்வுக் குழு ஒப்புதல் தந்ததா என்பதை எழுத்தில் தர வேண்டும். இவ்வளவு போதும்.

முதல் வாதம் நிற்குமா என்பது பாலிசி அட்டவணையில் உள்ள இடைத்தரகர் விவரத்தைப் பொறுத்தது. அவர் நிறுவனத்தின் ஏஜென்ட் என்றால், அவருக்குத் தெரிந்தது நிறுவனத்துக்கும் தெரிந்ததே என்று வாதாட இடமுண்டு. புரோக்கர் என்றால் அவர் உங்கள் ஆள். அந்த வாதம் அடிபடும். 'தங்கைன்னு போட்டுடலாம்' என்ற வாட்ஸ்அப் செய்தி இருந்தால் போனை மாற்றுவதற்குள் பிரதி எடுத்து வையுங்கள். அதை நோட்டீசின் பதிலோடு இணைக்குமுன் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். அதற்கு நீங்கள் அனுப்பிய 'ஓகே'யும் அதில்தானே இருக்கும்.

இரண்டாவது சறுக்கல் இன்னும் பெரியது. போனில் சொன்ன சமரசத்துக்கு அப்படியே தலையாட்டுவது. உங்கள் துணையை நீக்கினால் அவர் புதிதாகப் பாலிசி தேட வேண்டும். இப்போது இந்த அறுவை சிகிச்சை அவருக்கு முன்பே இருந்த நோய்க் கணக்கில் வரும். அந்த நோய்க்கு க்ளெய்ம் கிடைக்காத காத்திருப்புக் காலம் 36 மாதம் வரை போகலாம். நீக்கத்துக்குக் காரணமாக 'தவறான தகவல்' என்று பதிந்துவிட்டால் அதைவிடக் கெடுதல். இதற்குமுன் உங்கள் பாலிசி மறுக்கப்பட்டதா, ரத்து செய்யப்பட்டதா என்ற கேள்வி விண்ணப்பங்களில் இருக்கும். உண்மையைத்தான் சொல்ல வேண்டும். 34 வயதில் அந்த 'ஆம்' வாழ்நாள் முழுதும் கூட வரும். 1.80 லட்சத்தைவிட இதுதான் உங்கள் உண்மையான நஷ்டம்.

ஆகவே சமரசம் செய்யுங்கள், ஆனால் உங்கள் நிபந்தனையில். அவருக்கு அதே நிறுவனத்தில் தனிநபர் பாலிசி. 2022 முதல் கழிந்த காத்திருப்புக் காலம் அதில் வரவு வைக்கப்பட வேண்டும். ஆவணத்தில் 'பாலிசிதாரர் கோரிக்கையின்படி பிரிக்கப்பட்டது' என்ற சொற்கள் மட்டும் இருக்க வேண்டும். இது கிடைத்தால் 1.80 லட்சத்தை விட்டுவிடுங்கள். பாதித் தொகைக்குப் பேரம் பேசலாம். அதற்காக அந்தச் சொற்களைக் கைவிட்டுவிடாதீர்கள். மூன்றும் எழுத்தில் வரும்வரை, இனி கேட்க ஒன்றுமில்லை என்று ஒப்புக்கொள்ளும் முழுத் தீர்வு ரசீதில் கையெழுத்து வேண்டாம்.

நிறுவனம் மசியாவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். நிறுவனத்துக்குப் புகார் அனுப்பி 30 நாள் காத்திருந்து போகலாம். கட்டணம் இல்லை, இரு தரப்பும் சம்மதித்தால் அவரே சமரசம் செய்து வைப்பார். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. ஆனால் அங்கே குறுக்கு விசாரணை என்று வந்தால் முதல் கேள்வியே அந்தக் கட்டத்தைப் பற்றித்தான் இருக்கும்.

ஒன்றாகவே பாலிசி வேண்டும் என்றால், சேர்ந்து வாழும் துணையையும் ஒரே பாலினத் துணையையும் 'குடும்பம்' என்ற வரையறைக்குள் எடுக்கும் பாலிசிகள் சில உண்டு. ஏஜென்ட்டின் பேச்சை விட்டுவிட்டு, பாலிசி விதிமுறையில் அந்த வரியைக் கண்ணால் பார்த்தபிறகு பணம் கட்டுங்கள். நாமினியாக ஒருவரை ஒருவர் குறிப்பிட்டு, உறவு 'துணை' என்றே எழுதுங்கள். நாமினி கைக்கு வரும் பணத்தைப் பெற்றோர் வாரிசு என்று கேட்டு வரலாம். ஆளுக்கொரு உயில், இரண்டு சாட்சிகளோடு, இந்த மாதமே எழுதி வையுங்கள்.

நோட்டீசின் தேதியைப் பாருங்கள், உங்கள் கைக்கு வந்த தேதியை அல்ல. பதிலை மின்னஞ்சலிலும், ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டிலும் 15-ஆம் நாளுக்கு முன்பே அனுப்பிவிடுங்கள்.