லொறிக் கம்ப்யூட்டர் போய்விட்டது என்கிறார்கள், மாற்றலாமா?

கேள்வி: என்னிடம் 2005ஆம் ஆண்டு இசுசு எல்ஃப் லொறி ஒன்று இருக்கிறது. திருகோணமலை கொட்பேயிலிருந்து தம்புள்ளைக்கும், சில நாள் பேலியகொடைக்கும் மீன் ஏற்றுகிறோம். மாரி மழை தொடங்கியதிலிருந்து எஞ்சின் லைட் எரிகிறது. எரிந்தால் இழுவை இல்லை, மேட்டில் ஊர்கிறது. அணைத்துவிட்டுத் திரும்ப ஸ்டார்ட் பண்ணினால் ஓரிரு நாள் ஒழுங்காக ஓடும். ஒருவர் ஸ்கேன் பண்ணிப் பார்த்து, "நாலைந்து கோளாறுக் கோட் வருகிறது, கம்ப்யூட்டர் போய்விட்டது, கழற்றின வண்டியிலிருந்து ஒன்று எடுத்துத் தருகிறேன், ஒரு இலட்சத்து அறுபதாயிரம்" என்கிறார். என் மருமகனோ போனோடு சேரும் சின்ன ஸ்கேனரை ஒன்லைனில் வாங்கி நாமே பார்க்கலாம் என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இப்போதைக்கு இரண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம். உங்கள் லொறி சொல்வதைக் கேளுங்கள். "மழை தொடங்கியதிலிருந்து" என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். செத்த கம்ப்யூட்டர் சாவியைத் திருப்பினால் உயிர்த்து வராது. ஏதோ ஒரு சென்சரிலிருந்து தாறுமாறான கணக்கு வந்ததும் அது பயந்து எஞ்சினின் பலத்தைக் குறைத்துவிடுகிறது. அணைத்துப் போட்டதும், கணக்கு சரியாக இருந்தால், மறுபடி முழுப் பலத்தைத் தருகிறது. அதாவது கம்ப்யூட்டர் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. கணக்கு எங்கே தப்புகிறது என்பதைத்தான் தேட வேண்டும்.

முதலில் மருமகனுடைய யோசனை. அந்தச் சின்ன ஸ்கேனர்களில் மிகப் பெரும்பாலானவை 12 வோல்ட் காருக்குச் செய்தவை. உங்கள் எல்ஃப் 24 வோல்ட். ஸ்டியரிங்கின் கீழே ஸ்கேனர் செருகும் 16 துளை சொக்கெட்டில் 16ஆம் துளைக்கு பற்றரியின் பொசிட்டிவ் நேராக வருகிறது. அதில் 12 வோல்ட் சாமானைச் செருகினால் என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். பல வருடத்துக்கு முன் அவசரத்தில் நானே ஒன்றைச் செருகி, கருகிய மணத்தோடு கழற்றினேன். சாமான் போனால் பரவாயில்லை. அது உள்ளே ஷோர்ட்டாகி லொறியின் தகவல் வயருக்குள் 24 வோல்டைத் தள்ளிவிட்டால், இல்லாத கோளாறைக் காசு கொடுத்து வாங்கின கதையாகிவிடும்.

இதில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டும். எல்லா லொறியும் 24 வோல்ட் இல்லை. சின்ன டைனா, டொயோஏஸ் போன்றவை 12 வோல்டிலும் வருகின்றன. சரி, பற்றரியை எண்ணினால் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியாது. இரண்டு பற்றரியைத் தொடராக, ஒன்றின் பொசிட்டிவை மற்றதன் நெகட்டிவோடு கட்டினால் 24 வோல்ட். அதே இரண்டையும் பக்கம் பக்கமாக, பொசிட்டிவோடு பொசிட்டிவைக் கட்டினால் 12 வோல்ட்தான், பலம் மட்டும் கூடும். இரண்டு பற்றரி வைத்த 12 வோல்ட் வண்டிகளும் ஓடுகின்றன. பல்பைக் கழற்றிப் பார்க்கலாம் என்பார்கள். யாரோ மாற்றிப் போட்ட பல்பாக இருக்கலாம். சொக்கெட்டின் வடிவத்தைப் பார் என்பார்கள். 24 வோல்டுக்கு என்று நடுப்பள்ளம் வேறுமாதிரியான ஒரு வடிவம் இருப்பது உண்மைதான், ஆனால் பழைய வண்டியில் அந்த ஒழுங்கை எதிர்பார்க்க வேண்டாம். ஒரே வழி, மல்டிமீற்றரை டீசி வோல்டில் வைத்து, கறுப்புக் கம்பியை 4ஆம் துளையிலும் சிவப்பை 16ஆம் துளையிலும் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். 12 சொச்சம் காட்டினால் மட்டும் மருமகன் செருகட்டும். 24 சொச்சம் காட்டினால், பெட்டியில் "24 வோல்ட் தாங்கும்" என்று அச்சடித்திருக்கிற லொறி ஸ்கேனர் தவிர வேறெதுவும் கிட்டப் போகக்கூடாது.

கருகாமல் தப்பினாலும் பேச்சு நடக்கும் என்று உறுதியில்லை. அமெரிக்காவில் 1996இலிருந்து காருக்கும் சின்ன வண்டிக்கும் எல்லாக் கம்பனியும் பொதுவாக ஒத்துக்கொண்ட ஒருசில பாஷைகளில்தான் பேச வேண்டும் என்று சட்டம் வந்தது. அது காருக்கு. ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த பழைய லொறி அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதில்லை. 16 துளையும் இருக்கும், பாஷை கம்பனியின் சொந்தப் பாஷையாக இருக்கும். போதாததற்கு மலிவான சாமானில் உள்ளே இருக்கும் சிப் "எல்ம் 327, பதிப்பு 1.5" என்று போட்டிருப்பார்கள். அந்தச் சிப்பைச் செய்த கனடாக் கம்பனி 1.5 என்று ஒரு பதிப்பை வெளியிட்டதே இல்லை, அதாவது அது போலி.

ஸ்கேனரே இல்லாமல் கோட் பார்க்கும் வழியும் அந்தக் காலத்து ஜப்பான் வண்டிகள் பலவற்றில் உண்டு. டொயோட்டாவில் 4ஆம் 13ஆம் துளைகளை ஒரு கம்பியால் இணைத்துச் சாவியைப் போட்டால் எஞ்சின் லைட் சிமிட்டும். இரண்டு சிமிட்டல், சிறு இடைவெளி, மறுபடி இரண்டு என்றால் 22. அது தண்ணீர் வெப்ப சென்சரின் கோட். ஆனால் எந்தத் துளை என்பது கம்பனிக்குக் கம்பனி மாறும். டொயோட்டா முறையை எல்ஃப்பில் செய்து பார்க்க வேண்டாம்.

இனி அந்த "நாலைந்து கோட்" விஷயம். கோட் என்பது சாமானின் பெயர் இல்லை. பி 0118 என்று வந்தால் "தண்ணீர் வெப்ப சென்சர் சுற்றில் வோல்டேஜ் கூட" என்று பொருள். சென்சர் கெட்டாலும் அதுதான் வரும், வயர் அறுந்தாலும் அதுதான், கனெக்டர் பச்சை பிடித்துத் தொடாமல் நின்றாலும் அதுதான். எது என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. கனெக்டரைக் கழற்றி, வயர்ப் பக்கத்து இரண்டு முனையையும் ஒரு சிறு கம்பியால் இணையுங்கள். அதுவரை −40 பாகை என்று காட்டிய ஸ்கேனர் சட்டென்று உச்சிக்குப் போனால் வயரும் சரி, கம்ப்யூட்டரும் சரி, சென்சர்தான் போனது. போகாவிட்டால் வயரில் தேடுங்கள். இந்த வித்தை இரண்டு வயர் வெப்ப சென்சருக்கு மட்டும். மூன்று வயர் உள்ளதில் கைவைக்கக் கூடாது.

அந்த மூன்று வயர் சென்சர்கள்தான் உங்கள் வண்டியில் சேட்டை செய்கின்றன என்பது என் ஊகம். அவற்றில் ஒன்றுக்கு 5 வோல்ட் போகும், ஒன்று எர்த், ஒன்று பதில். கம்ப்யூட்டர் பல சென்சருக்கு அந்த 5 வோல்டை ஒரே வாய்க்காலில் பிரித்துக் கொடுக்கிறது. ஒரு சென்சரின் கனெக்டருக்குள் உப்புத் தண்ணீர் போய் 5 வோல்டை எர்த்தோடு சேர்த்துவிட்டால், அந்த வாய்க்காலில் இருக்கிற எல்லோருக்கும் தண்ணீர் இல்லை. உடனே நாலைந்து கோட் வரும். பார்க்கிறவர் "கம்ப்யூட்டர் போச்சு" என்பார். செய்ய வேண்டியது இதுதான்: கோளாறு இருக்கும் நேரத்தில் மீற்றரை அந்த 5 வோல்ட் வயரில் வைத்துக்கொண்டு சென்சர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்பி வருகிறதோ அவர்தான் கள்ளன். எல்லாவற்றையும் கழற்றியும் வராவிட்டால் வயரைப் பாருங்கள். அதற்கும் பிறகுதான் கம்ப்யூட்டர் என்ற பேச்சு.

இதெல்லாம் செய்வதற்கு முன் பற்றரியும் எர்த்தும். சலிப்பான வேலை, யாரும் செய்வதில்லை. இரவு நின்ற வண்டியில் இரண்டு பற்றரியையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். இரண்டும் 12.6 அளவில், கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று 12.7, மற்றது 12.1 என்றால் எனக்கு உடனே கேட்கத் தோன்றுவது: பாட்டுப் பெட்டிக்கு எங்கேயிருந்து லைன் எடுத்தீர்கள்? இந்த ஊர் லொறிகளில் பாட்டுப் பெட்டியும், போன் சார்ஜரும், கலர் லைட்டும் ஒரு பற்றரியில் மட்டும் 12 வோல்ட் எடுத்துத்தான் ஓடுகின்றன. அந்த ஒரு பற்றரி எந்நேரமும் அரை வயிற்றோடு கிடக்கும், மற்றது அளவுக்கு மிஞ்சிச் சார்ஜாகும். ஸ்டார்ட் அடிக்கும்போது மொத்த வோல்டேஜ் 18க்குக் கீழே விழுந்தால் கம்ப்யூட்டர் தடுமாறும். 24ஐ 12 ஆக்கித் தரும் கன்வேர்ட்டர் கடையில் இருக்கிறது. ஒன்றை வாங்கிப் போடுங்கள். எஞ்சின் ஓடும்போது சார்ஜ் 27.5க்கும் 28.8க்கும் இடையில் நிற்க வேண்டும்.

எர்த்துக்கு ஓம் மீற்றரை வைத்துப் பார்ப்பது வீண். ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் அது நல்லது என்று சொல்லும். சேசிஸோடு கட்டிய பற்றரி நெகட்டிவில் கறுப்பு, எஞ்சின் பிளொக்கில் சிவப்பு, டீசி வோல்ட். இப்போது ஒருவர் ஸ்டார்ட் அடிக்கட்டும். அரை வோல்டுக்கு மேல் ஏறினால் எர்த் வயரைக் கழற்றி, துரு சுரண்டி, கிறீஸ் பூசி முறுக்குங்கள். பிறகு சாவியைப் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டரின் எர்த் வயரையும் இப்படியே பாருங்கள். அங்கே 0.1க்கு மேல் வரக்கூடாது. மீன் லொறியில் எத்தனையோ தடவை கோளாறு இந்த இடத்திலேயே முடிந்துவிடுகிறது. ஐஸ் பெட்டியிலிருந்து வடிவது வெறும் தண்ணீர் இல்லை. மீனின் உப்பும் சேர்ந்த தண்ணீர், சேசிஸ் வழியே ஓடி வயர்க்கட்டின் மேல் இறங்குகிறது.

தயவுசெய்து வயரில் ஊசி குத்திப் பார்க்க விடாதீர்கள். அனுராதபுரத்தில் குத்தின துளை பத்து வருடம் ஒன்றும் செய்யாது. நம் கடற்கரையில் சில மாதத்தில் உள்ளே உப்பு ஏறி, உறை வெளியே பளபளப்பாக இருக்க, செம்பு பச்சை மாவாகிவிடும். கனெக்டரின் பின்பக்கமாக மெல்லிய முனையை நுழைத்து அளக்கத் தெரியாதவர் உங்கள் லொறியைத் தொட வேண்டாம்.

ஸ்கேனர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. லொறிக்கான நல்ல ஸ்கேனர் வைத்திருக்கிறவரிடம் போங்கள். ஆனால் கோட் மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். விடிகாலையில், எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது சென்சர்கள் அந்த நொடியில் தரும் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். தண்ணீர் வெப்பம், காற்று வெப்பம், டீசல் வெப்பம் மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாக, வெளிச் சூட்டின் அளவில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் விலகி நின்றால் அங்கே போங்கள். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, கம்ப்யூட்டர் கேட்கிற டீசல் அழுத்தத்தையும் கிடைக்கிற அழுத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பாருங்கள். ஒருவர் வயர்க்கட்டை இடம் இடமாக அசைக்கட்டும். எண் துள்ளுகிற இடத்தில் கோளாறு.

கோட்டை அழிப்பதற்கு முன் திரையைப் போனில் படம் எடுங்கள். அழித்தால் கோளாறு வந்தபோது எஞ்சின் என்ன நிலையில் இருந்தது என்ற பதிவும் சேர்ந்து போய்விடும். செருகி, அழித்து, லைட்டை அணைத்துக் காட்டி, காசு வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். நீங்கள் கந்தளாய் தாண்டுவதற்குள் லைட் மறுபடி எரியும். அடுத்த தடவை அவரே "இது பெரிய வேலை" என்பார். உங்களிடம் ஒரு இலட்சத்து அறுபது கேட்டவர் ஸ்கேன் பண்ணியவரா, சாமான் விற்பவரா, இரண்டும் ஒருவரேயா? ஒருவரே என்றால் அவர் வாயிலிருந்து வேறு முடிவு எப்படி வரும்? கழற்றின கம்ப்யூட்டரை அப்படியே மாட்டவும் முடியாது. காமன் ரெயில், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து அதிக அழுத்தத்தில் டீசல் போகிற எஞ்சின் பலவற்றில், டீசலைச் சிலிண்டருக்குள் சீறவிடும் ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் ஒரு திருத்த எண் உண்டு. அதை உங்கள் இன்ஜெக்டருக்கு ஏற்றபடி கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். பதியாமல் போட்டால் எஞ்சின் தட்டும், புகைக்கும், உடனே "இன்ஜெக்டரும் போச்சு" என்று அடுத்த பில் வரும். அவசியம் வாங்கத்தான் வேண்டும் என்றால் யார் பதிந்து தருவது, வேலை செய்யாவிட்டால் திருப்பி எடுப்பாரா என்று எழுத்தில் வாங்குங்கள்.

இதற்கெல்லாம் இடம் கொடுத்தது யார்? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், பல வருடம் பழைய லொறியையே ஓட்டு என்றார்கள். சரி, ஓட்டினோம். ஆனால் அந்தப் பழைய லொறியின் வயர்ப் படம் ஒரு சின்னக் கராஜ்காரன் கைக்கு வர எந்த வழியும் செய்யவில்லை. வருடா வருடம் புகைப் பரிசோதனைக்குப் போகிறோம். டீசல் வண்டியில் புகையின் அடர்த்தியை அளந்து சான்றிதழ் தருகிறார்கள். கம்ப்யூட்டருக்குள் என்ன கோளாறு பதிந்து கிடக்கிறது என்று கேட்பார் இல்லை. லைட்டின் மேல் கறுப்பு டேப் ஒட்டிக்கொண்டு ஓடுகிற லொறி எத்தனை!

இரண்டு ஆபத்தை மட்டும் சொல்லாமல் விடக்கூடாது. எந்த சிலிண்டர் அடிக்கவில்லை என்று பார்க்க, எஞ்சின் ஓட ஓட இன்ஜெக்டர் பைப்பைத் தளர்த்துவது பழைய பம்ப் காலத்துப் பழக்கம். காமன் ரெயிலில் அந்தப் பைப்புக்குள் 1000 பாருக்கு மேலும் அழுத்தம் ஏறும். அதில் சீறும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் ஊசி முனை அளவு இருக்கும், கையையே எடுக்க நேரலாம். அப்படி ஏதும் பட்டால் வலிக்கவில்லை என்று இருக்காமல் அந்த நிமிடமே பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அடுத்தது வெல்டிங். ஐஸ் பெட்டிக்கோ லொறியின் உடலுக்கோ வெல்டிங் அடிக்கும் முன் பற்றரியின் நெகட்டிவையும் கம்ப்யூட்டரின் கனெக்டரையும் கழற்றுங்கள். நல்ல கம்ப்யூட்டரை உண்மையிலேயே சாகடிக்கிற வேலை இது.

சரி, உங்கள் லொறிக்கு இந்த வாரம்: இரண்டு பற்றரியையும் அளப்பது, எர்த்தைச் சுத்தம் செய்வது, எஞ்சின் பக்கத்துக் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பச்சை பார்ப்பது, கனெக்டர் ஸ்பிரே அடித்து உலரவிட்டு மாட்டுவது. அப்புறமும் எரிந்தால் அந்த 5 வோல்ட் சோதனை. ஐஸ் பெட்டியின் வடிகுழாயைக் குனிந்து பாருங்கள், சேசிஸுக்குள்ளேயே விடுகிறதா என்று. அப்படியென்றால் ஒரு முழம் ரப்பர் குழாயை மாட்டி, வயர்க்கட்டைத் தாண்டி வெளியே இறக்கிவிடுங்கள்.