பழைய தரவை ஏற்றியபின் புதிய மடிக்கணினி உறைவது ஏன்?

காரைக்குடியில் வாங்கிய புதிய விண்டோஸ் மடிக்கணினி, பழையதிலிருந்த கல்யாணப் படங்களையும் கடைக் கணக்குகளையும் ஏற்றிய நாள்முதல் உறைந்துபோவதாகக் கேட்டிருக்கிறீர்கள். வந்திறங்கிய கோப்புகளைத் தேடலுக்காக அட்டவணைப்படுத்துவதும், விண்டோஸுடனேயே வரும் வைரஸ் தடுப்பானான டிஃபெண்டர் அவற்றைச் சோதிப்பதும், மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பகமான ஒன்டிரைவ் அவற்றை இணையத்தில் ஏற்றுவதும் ஒரே நேரத்தில் நடக்கக்கூடுமாதலால், முதல் ஓரிரு நாள் மந்தம் இயல்பே. உறக்க நிலைக்குச் செல்லாதபடி அமைத்து, மின்னிணைப்புடன் ஓர் இரவு விட்டுவையுங்கள்.

பிறகும் உறைந்தால், கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தி, வட்டுப் பயன்பாட்டை 100 விழுக்காட்டில் வைத்திருக்கும் நிரல் எது என்று டாஸ்க் மேனேஜரில் பாருங்கள். கோப்புகளோடு பழைய நிரல்களையும் சேர்த்தே கொண்டுவந்திருந்தால் (வீடு மாறும்போது உடைந்த பெட்டகத்தையும் ஏற்றிவருவோமே, அப்படி), என் சந்தேகம் முதலில் பழைய வைரஸ் தடுப்பான்மீதுதான் விழும். இரண்டு தடுப்பான்கள் ஒரே கோப்பைச் சோதிக்க முட்டிக்கொள்ளக்கூடும். பழையதை நீக்கிவிட்டு, டிரைவர்களை (வன்பொருளை இயக்கும் மென்பொருள்களை)த் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதிதாக நிறுவுங்கள்.