கங்காணி ஏன் கத்துகிறார்?

கேள்வி: அம்மாவுக்கு வயது 61. ரப்பர்த் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். சில மாதங்களாக ஓயாத அசதி, மலச்சிக்கல். நண்பகலிலும் குளிர்கிறது என்று போர்த்திக்கொள்கிறார். இரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். 18 என்று வந்திருக்கிறது. 4-ஐத் தாண்டக் கூடாதாம். டாக்டரோ 'தைராய்டு குறைவு' என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார். கூடிப்போனதற்கு எதற்கு இன்னும் கூட்டுகிற மாத்திரை? பத்து நாள் சாப்பிட்டும் மாற்றமில்லை. நிறுத்திவிடலாமா ஐயா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: நிறுத்தாதீர்கள், அம்மா. டாக்டர் சொன்னதும் சரி, சீட்டில் உள்ள எண்ணும் சரி. தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் டிரெசராக (மருத்துவ உதவியாளராக) இருந்த காலத்திலும் இதே குழப்பத்தோடு சீட்டை நீட்டியவர்கள் உண்டு.

டி.எஸ்.எச். என்பது தைராய்டு சுரப்பதன்று. மூளைக்கு அடியில், பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரி சுரப்பி தைராய்டைப் பார்த்துப் போடும் அதட்டல் அது. உங்கள் அம்மா பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, நின்றவர்தானே, அவரைக் கேளுங்கள். ஆட்கள் நேரத்துக்குத் தங்கள் மரவரிசைக்கு, அதாவது நிரைக்கு, போய்விட்டால் கங்காணி ஏன் கத்தப் போகிறார்? நிரை காலியாகக் கிடந்தால்தான் அவர் குரல் ஆட்கள் குடியிருக்கும் லயம் வரை கேட்கும். 18 என்பது அந்தக் கூச்சலின் அளவு. மாத்திரை வழியாக ஹார்மோன் இரத்தத்தில் சேரச் சேர, கூச்சல் தானாகத் தணியும்.

கழுத்தில் இருக்கும் இருபது கிராம் சுரப்பிக்குக் குடலில் என்ன வேலை என்று தோன்றலாம். மரத்துப் பால் வெட்டுக்கோட்டில் ஓடி, தகரத்தில் இறங்கி மங்கில் (கிண்ணத்தில்) விழுகிறது. உமிழ்நீருக்கும் வியர்வைக்கும் அப்படி ஒரு வழி உண்டு. தைராய்டுக்குத் தகரமும் இல்லை, மங்கும் இல்லை. சுரப்பது நேராக இரத்தத்தில் கலக்கிறது. அதனால்தான் நாளமில்லாச் சுரப்பி என்கிறோம். இரத்தம் போகும் இடமெல்லாம் அதுவும் போகும். அது குறைந்தால் குடல், தோல், நாடித்துடிப்பு, ஞாபகம் எல்லாம் மந்தமாகிவிடும்.

பால் அதிகம் இறங்கப் பட்டையில் மருந்து தடவுவார்களே, அந்த எத்திஃபான் வெளிவிடும் எத்திலீனும் ஒரு ஹார்மோன்தான், மரத்தின் ஹார்மோன். அம்மா அதைத் தடவியிருந்தால், ஹார்மோன் அவருக்குப் புதிதல்ல!

பத்து நாள் போதாது. மாத்திரையில் உள்ள தைராய்டு ஹார்மோனான தைராக்ஸின் உடலில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஏழு நாள் ஆகும். அளவு நிலைபெறவும் வாரங்கள் பிடிக்கும். மறுபரிசோதனையை 6 முதல் 8 வாரம் கழித்துச் செய்வது அதனால்தான்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அம்மா மாத்திரையை எதோடு விழுங்குகிறார்? விடியற்காலைக் கோப்பியோடு என்றால் பாதி பலன் அங்கேயே போயிருக்கலாம். வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு, பசியாறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு கொடுங்கள். இரும்புச் சத்து, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகள் இருந்தால் நான்கு மணி நேரம் தள்ளியே. படபடப்போ நெஞ்சுவலியோ வந்தால் மறுபரிசோதனை நாளுக்குக் காத்திருக்க வேண்டாம்; அன்றைக்கே டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.