வாங்கிபாத் குழையாமலும் கசக்காமலும் இருக்க

வணக்கம். வாங்கிபாத் என்ற கர்நாடகக் கத்தரிக்காய்ச் சாதத்தில் காய் கரைந்து சாதம் குழைவதாகவும், லேசாகக் கசப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வாணலியை மூடி வேகவிடுவதே குழைவுக்குப் பெரும்பாலும் காரணம். மைசூர்ப் பக்கத்தில் விரும்பி எடுக்கும் நீளமான பச்சைக் கத்தரிக்காயை விரல் நீளத்துக்கு நறுக்கி, உப்பு நீரில் போட்டுவைத்து, நன்றாக வடித்தபின் தாராளமான எண்ணெயில் மூடாமல் வதக்குங்கள்; தோல் சுருங்கி, கரண்டியால் அழுத்தும்போது சதை சற்றே நெகிழும் பதத்தில் கெட்டிப் புளிக்கரைசலை ஊற்றினால், புளிப்பேறிய துண்டுகள் எளிதில் உடையமாட்டா. முற்றிய விதையாலும் கசக்கும் என்றாலும், வாங்கிபாத் மசாலாப் பொடியை நேரே சூடான எண்ணெயில் போட்டிருந்தால் மல்லியும் மிளகாயும் தீய்ந்திருக்கும் என்றே நினைக்கிறேன். ஆகவே புளி வற்றியபின், அடுப்பைத் தணித்துத் தூவுங்கள். சோனா மசூரி அரிசி 1 பங்குக்குத் தண்ணீர் 2 பங்கு போதும். சாதத்தை அகலத் தட்டில் ஆறவிட்டே கலக்க வேண்டும். பொடியில் மராட்டி மொக்கு என்ற, கிராம்பு போலிருக்கும் காய்ந்த மொட்டை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். கர்நாடக வீடுகளின் அந்த மணத்துக்கு அது இன்றியமையாதது.