முற்றத்தில் நிற்கும் பிள்ளைகள்

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 43 வயது. திருவட்டாறு பக்கத்தில் ஒரு கிராமம். கல்யாணமாகி 19 வருடம். வீட்டுக்காரர் சவுதியில் வேலை பார்க்கிறார், இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை வருவார். மகன் நாகர்கோவிலில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். வீட்டில் நானும் மாமியாரும்தான். மாமிக்கு 79 வயது.

இந்த 19 வருடத்தில் மாமி என்னை அன்பாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. மீன்கறியில் புளி கூடினாலும் என் தப்பு, ரப்பர் பால் குறைந்தாலும் என் தப்பு. மார்த்தாண்டத்தில் இருக்கும் நாத்தனார் மாதம் ஒரு நாள் பழத்தோடு வருவார். "அம்மா மெலிஞ்சு போச்சே" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிடுவார். நான் சோறு போடாமலா மெலிந்தார்?

இப்போது ஆறு மாதமாகப் புதுக் கூத்து. விளக்கு வைக்கும் நேரத்தில் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, முற்றத்தில் சின்னச் சின்னப் பிள்ளைகள் வந்து நிற்கிறார்கள் என்கிறார். சரிகை வைத்த பாவாடையாம், தலையில் தொப்பியாம். வாய் திறக்க மாட்டார்களாம், சத்தமே கிடையாதாம். குடையை நீட்டி நீட்டித் தொட்டுப் பார்க்கிறார். அதைப் பார்த்து அக்கம்பக்கத்தில் எங்கள் வீட்டில் பேய் இருக்கிறது என்கிறார்கள். நாத்தனார் ஒரு ஆளைக் கூட்டி வந்தார். அவர் தகடு எழுதி 3,000 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். அதுவும் என் கையிலிருந்துதான். வீட்டுக்காரரிடம் சொன்னால், "வயசாச்சு, நீ கண்டுக்காதே" என்கிறார். அங்கே இருந்துகொண்டு சொல்வது சுலபம்.

எனக்கு இது நடிப்பு என்றுதான் தோன்றுகிறது. புத்தி தடுமாறியவர் பென்ஷன் தேதியை ஒரு நாள் பிசகாமல் சொல்வாரா? கண் பிரஷரில் வலது கண் போய் நாலு வருடம் ஆகிறது. இடது கண்ணில் புரை, முத்தட்டும் என்று விட்டிருக்கிறோம். என் முகம் தெரியாத கண்ணுக்குச் சரிகை மட்டும் தெரியுமா?

தினமும் ஒரே கேள்வி: "மக்களே, முத்தத்துல பிள்ளைகள் நிக்குதா?" இல்லை என்பேன். மறுநாளும் கேட்பார். போன மாதம், நாத்தனார் பேசிவிட்டுப் போன எரிச்சலில், "ஆமா, நிக்குது, நானும் பாக்கேன்" என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு ராத்திரி மாமி தூங்கவே இல்லை. அதற்குப் பிறகு என்னிடம் கேட்பதையும் விட்டுவிட்டார். அது போகட்டும். நாத்தனார் வாயை எப்படி அடைப்பது? மாமி நடிப்பதை வீட்டுக்காரருக்கு எப்படிப் புரியவைப்பது? எது நிஜம், எது பொய் என்று எனக்கே குழம்பிக் கிடக்கிறது.

இப்படிக்கு,
ஒரு மருமகள்

* * *

அன்புள்ள சகோதரிக்கு,

நாத்தனாருக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அதைத் தள்ளி வைப்போம். "அது போகட்டும்" என்று நீங்கள் தாண்டிப் போன இடத்தைத் தாண்ட எனக்கு மனம் வரவில்லை.

மாமி நடிக்கவில்லை. நடிப்பவர் "பார், நிக்குது" என்று சாதிப்பார். உங்கள் மாமி கேட்கிறார். கண்ணுக்குத் தெரிவது நிஜம்தானா என்று சந்தேகம் இருப்பவர்தான் கேட்பார், குடையை நீட்டித் தொட்டும் பார்ப்பார்.

ஜெனீவாவைச் சேர்ந்த சார்லஸ் போனே என்ற அறிஞர் 1760-ஆம் ஆண்டில் தன் தாத்தாவைப் பற்றி எழுதினார். தொண்ணூறை நெருங்கிய அந்தப் பெரியவருக்குப் பார்வை மிகவும் மங்கியிருந்தது. ஆனால் கண் முன்னால் மனிதர்கள், பறவைகள், வண்டிகள், கட்டடங்கள் எல்லாம் வந்து போயின. புத்தி தெளிவாக இருந்தது, அவை நிஜமில்லை என்றும் அவருக்குத் தெரிந்திருந்தது. இன்றைக்கும் இந்த நிலைக்கு 'சார்லஸ் போனே சிண்ட்ரோம்' என்றே பெயர். கண்ணிலிருந்து வர வேண்டிய காட்சிகள் குறையும்போது, மூளையின் பார்வைப் பகுதி சும்மா இருப்பதில்லை, தானே காட்சிகளை உண்டாக்குகிறது. கண் அழுத்த நோய், கண்புரை, விழித்திரைக் கோளாறு என்று எதனால் பார்வை குறைந்தாலும் இது வரலாம். குட்டி உருவங்கள், விசித்திரமான உடை, துளிச் சத்தமும் இல்லாமை, வெளிச்சம் மங்கும் நேரத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது தோன்றுவது: நீங்கள் எழுதிய அத்தனையும் இதில் வழக்கமானவை.

உங்கள் முகம் தெரியாத கண்ணுக்குச் சரிகை தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். உங்கள் முகம் புரை விழுந்த கண் வழியாக வர வேண்டும். சரிகைக்கு அந்தக் கண் வேண்டியதில்லை, அது உள்ளேயிருந்து வருகிறது.

கடிதத்தை வைத்து நோயை முடிவு செய்ய முடியாது. பிள்ளைகளின் குரல் கேட்கிறது என்றாலோ, மாமி அவர்களோடு பேச ஆரம்பித்தாலோ, ஒரே நாளில் நேரமும் இடமும் குழம்பிப் போனாலோ, காரணம் வேறாக இருக்கலாம். சிறுநீர்த் தொற்று, ரத்தத்தில் உப்பு குறைவது, சில மாத்திரைகள், மறதி நோயின் சில வகைகள் எல்லாம் இப்படிக் காட்டும். அப்போது தாமதிக்கவே கூடாது. இப்போதைக்கு முதலில் போக வேண்டியது கண் மருத்துவரிடம். புரை முத்தட்டும் என்று காத்திருந்தது பழைய காலம். கண் அழுத்தத்தில் போன பார்வை திரும்பாது, அதனால் இருக்கும் ஒரே கண்ணில் அழுத்தம் எவ்வளவு என்று பார்ப்பது புரையைவிட அவசரம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே கண் பிரிவும் இருக்கிறது, மனநலப் பிரிவும் இருக்கிறது. பிள்ளைகளைப் பற்றி மருத்துவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். பைத்தியம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து வயதானவர்கள் பலர் இதை வாய் திறந்து சொல்வதில்லை.

இப்போது அந்த "ஆமா"வுக்கு வருகிறேன். நிஜம் எது என்று பார்க்க மாமியின் கையில் இருந்தவை இரண்டு: குடையும் உங்கள் வாய்ச்சொல்லும். நீங்கள் இல்லை என்று சொன்ன ஒவ்வொரு நாளும் அவர் நிம்மதியாகத் தூங்கினார். எரிச்சலில் நீங்கள் சொன்ன ஒரு வார்த்தையில் முற்றம் நிறைய அந்நியப் பிள்ளைகள் நிஜமாகவே வந்து நின்றுவிட்டார்கள். அன்றைக்கு அவருக்குத் தூக்கம் எப்படி வரும்? கேள்வியை நிறுத்தியது குணமானதால் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தனியாகப் பயப்படுகிறார். நீங்கள் செய்தது தவறு, சகோதரி. அது உங்களுக்கும் தெரியும். அதனால்தான் கூடவே "அது போகட்டும்" என்று எழுதினீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 19 வருடத்தில் அன்பாக ஒரு வார்த்தை இல்லை என்கிறீர்கள். அதே கடிதத்தில் மாமி உங்களை "மக்களே" என்று கூப்பிடுகிறார். குமரியில் பெற்ற பிள்ளையாக நினைப்பவரைத்தான் அப்படிப் பாசமாகக் கூப்பிடுவார்கள் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "அம்மா மெலிஞ்சு போச்சே" என்பதும் மாதம் ஒரு முறை தாயைப் பார்க்கும் மகளுக்கு வாயில் வரக்கூடிய பேச்சு. அதில் குத்தல் இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். மாமி குடையை நீட்டித் தொட்டுப் பார்த்தார். நீங்கள் ஒரு தடவையாவது நாத்தனாரிடம் "எதுக்காக அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டுப் பார்த்தீர்களா?

உங்கள் அலுப்பு மட்டும் எந்தச் சந்தேகமும் இல்லாத நிஜம். ஒருவர் வெளிநாட்டில், ஒருவர் மார்த்தாண்டத்தில், பார்த்துக்கொள்ள நீங்கள் ஒருவர்தான் என்பது நியாயமே இல்லை. ஆஸ்பத்திரிக்கு நாத்தனாரும் கூட வரட்டும். டாக்டர் சொல்வதை அவர் காதாலும் கேட்கட்டும். வீட்டுக்காரரை அந்த நேரத்தில் போனில் பிடியுங்கள்.

இன்றைக்குச் சாயங்காலம் கொஞ்சம் முன்னாலேயே முற்றத்து விளக்கைப் போடுங்கள். மாமி கேட்க மாட்டார், நீங்களே பேச்செடுங்கள். "மாமி, அன்னைக்கு நான் கோபத்துல பொய் சொன்னேன். முத்தத்துல யாரும் இல்ல, கொடியில துணி காயுது, அவ்வளவுதான்" என்று சொல்லுங்கள். இது பேயும் இல்லை, பைத்தியமும் இல்லை, பார்வை குறைந்த பலருக்கும் வருவதுதான் என்பதையும் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைகள் தெரியும்போது கண்ணைச் சிமிட்டச் சொல்லுங்கள், பார்வையை இடமும் வலமும் திருப்பச் சொல்லுங்கள். சில நேரம் அதிலேயே மறைந்துவிடும்.

அப்புறம் அவர் பக்கத்தில் திண்ணையில் உட்கார்ந்து, பாவாடை என்ன நிறம் என்று கேளுங்கள். இந்த ஆறு மாதத்தில் அதை அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.